முன்வாசலைத் திறந்த மூன்று சங்கு

திருவொற்றியூர்க் கடலோரத்தில் கடலையெண்ணெய் பிழியும் நம் ஆலையில் முப்பத்தோர் ஆண்டுகள் பாய்லர் காத்து, சங்கு காத்து, சக மனிதரின் மானமும் காத்து, 1957ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முப்பதாம் நாளாகிய இன்று பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய திரு. ம. சவரிநாதன் அவர்களுக்கு, ஆலைத் தொழிலாளர் அனைவரும் கூடி அளிக்கும் மடல்.

அனலை அடக்கி ஆண்ட அண்ணலே! ஆவியின் குரலால் அறுநூறு அடுப்புகளை எழுப்பிய அன்பரே! கரியோடு கலந்தும் கறைபடாத கரத்தீர்! இராயபுரத்து மண் எங்களுக்கு ஈந்த இரும்பு நெஞ்சினரே! வணக்கம்.

இப்படியே இன்னும் இரண்டு பக்கம் அழைத்துக்கொண்டு போக எங்களுக்கு ஆசைதான். ஆனால் புகழத் தொடங்கினால் தாங்கள் நைசாக எழுந்து பாய்லர் கூடத்துக்குப் போய்விடுவீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் சங்கத்தார் மாலையோடு வந்தபோது, ஏதோ வால்வு ஒழுகுகிறது என்று சொல்லிப் போனவர் சாயங்காலம்வரை வரவில்லை. வால்வு ஒழுகவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆகவே இன்று ஒரு தந்திரம் செய்திருக்கிறோம். தங்களைப் பார்த்துப் பேசாமல், சவரிநாதன் என்று ஒருவர் இருக்கிறார், அவர் கதையைக் கேளுங்கள் என்று சபையோரைப் பார்த்துச் சொல்லப்போகிறோம். வேறு யாரையோ பற்றிய பேச்சு என்று நினைத்துத் தாங்கள் நாற்காலியை விட்டு அசையாமல் இருக்க வேண்டும்.

சபையோரே, 1926இல் கரி அள்ளும் ஆளாக உள்ளே வந்த சவரிநாதன், ஆறு வருஷத்தில் பாய்லர்காரர் ஆனார். பாய்லருக்கு மேலே தொங்கும், ஆவியில் ஊதும் ஆலைச் சங்கின் கயிறும் அவர் கைக்கு வந்தது. அவர் ஊதும் சங்குக்கு ஒரு வால் உண்டு. பேசின் பிரிட்ஜ் பக்கத்துச் சங்குகள் எல்லாம் வெட்டினாற்போல் நின்றுவிடும். நம் சங்கு படியிறங்குவதுபோல் மெல்ல இறங்கி ஓயும். கயிற்றை அவர் விடும் பக்குவம் அப்படி. தண்டையார்பேட்டை வரைக்கும் பெண்கள் அந்த வாலைக் கேட்டுத்தான் உலை வைத்தார்கள். அவர் காய்ச்சலில் படுத்த நாட்களில் வேறு கை ஊதினால், இன்றைக்கு நைனாவுக்கு உடம்பு சரியில்லையா என்று தெருவில் விசாரிப்பார்கள்.

அந்தக் கயிற்றுக்கு ஓர் அதிகாரமும் இருந்தது. சங்கு ஊதாமல் நம் ஆலையில் எந்த பெல்ட்டும் நகரக் கூடாது. ஒருமுறை யாரோ அவசரத்தில் எந்திரத்தை ஓட்டிவிட, எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் கை போயிற்று. அன்று முதல் வந்த கட்டளை அது. மேலாளரே வந்து கத்தினாலும், சங்கின் வால் இறங்கி முடிந்த பிறகுதான் எந்திரக்காரர் பிடியில் கை வைப்பார்.

அன்றாடச் சங்கு ஒன்று. அதைத் தவிர இன்னொன்று இருந்தது. வேலையில் யாராவது மாண்டுபோனால் மூன்று நீளச் சங்கு. அதைக் கேட்டதும் ஆலை முழுக்க நிற்கும். எண்ணெய் பிழியும் அச்சுக்கூடத்திலிருந்து முன்வாசல் வரை இரண்டு பக்கமும் ஆட்கள் தலைத்துணியை எடுத்துவிட்டு வரிசையாக நிற்பார்கள். நடுவில் உடலைத் தூக்கிவந்து முன்வாசல் வழியாக வெளியே அனுப்புவார்கள். போனவர் வெளியேறிய பிறகுதான் அன்றாடச் சங்கு ஊதும், வேலை தொடங்கும். நல்ல வழக்கம்தான். ஆனால் அது பித்தளைப் பில்லைக்காரருக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

நிரந்தர ஆட்களுக்கு நெஞ்சில் குத்திக்கொள்ளப் பித்தளைப் பில்லை. மேஸ்திரி கூட்டிவரும் ஆட்களுக்குத் தகரப் பில்லை. கரி சுமக்கும் பெண்களுக்கும், வெள்ளையடிக்கவும் கூரை மாற்றவும் வருபவர்களுக்கும் எந்தப் பில்லையும் கிடையாது. சாவு மட்டும் பில்லையைப் பார்த்து வரவில்லை. மூட்டை அடுக்கு சரிந்தால் கீழே இருப்பது யாரென்று மூட்டை கேட்குமா? ஆனாலும் தகரப் பில்லைக்காரர் செத்தால், மேஸ்திரி ஒரு கோணியைப் போர்த்தி, கைவண்டியில் ஏற்றி, பின்புறம் கரிவாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆலைக்கு வெளியே இறந்தார் என்று எழுதப்படும். பதினைந்து வருஷத்தில் இந்த ஆலையில் மூன்றே சாவுதான் என்று நிர்வாகம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது இப்படித்தான்.

பாய்லர் கூடத்துச் சன்னல் கரிவாசலைப் பார்த்தது. ஆகவே எத்தனை கைவண்டி போயிற்று என்பது சவரிநாதனுக்குத் தெரியும். 1941இல் ஒரு முற்பகல், அந்தச் சன்னல் வழியாக ஒரு வண்டியில் சிலுவையம்மாள் போவதைப் பார்த்தார். கரி சுமந்தவர். சாம்பல் குழியில் விழுந்து இறந்தவர். இராயபுரத்தில் இவர் வீட்டுக்கு நாலாவது வீடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன் பெஞ்சு. சவரிநாதனின் கை கயிற்றை எட்டிப் பிடித்தது. ஒரு நிமிஷம் பிடித்தபடி நின்றார். வீட்டில் நாலு பிள்ளைகள். நேரக் கணக்கரின் சீட்டு வராமல் மூன்று சங்கு ஊதினால் வேலை போகும். கையை இறக்கிவிட்டார். வண்டி போய்விட்டது.

இதை அவர் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய துணைவியார் இருதயம்மாள்தான், இந்த மடலுக்காக நாங்கள் வீட்டுக்குப் போனபோது காட்டிக்கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாராம். அதன்பிறகு ஏழு வருஷம் சிலுவையம்மாள் வீட்டு வழியாக நடக்காமல் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாராம். அம்மையாரின் மீது அவர் கோபப்படக் கூடாது என்று சபையின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்.

இனி 1948, ஆகஸ்ட். அச்சுக்கூடத்தில் வேலை செய்த சௌக்கத் அலியை உங்களுக்குத் தெரியும். பித்தளைப் பில்லை, எண் 212. தங்கைக்கு மீஞ்சூரில் நிக்காஹ். மூன்று நாள் லீவு கேட்டார், கிடைக்கவில்லை. நம் ஆலையில் அந்தக் காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது, எல்லாரும் செய்ததுதான். தன் பில்லையைக் கழற்றித் தோஸ்து அய்யாத்துரையின் சட்டையில் குத்திவிட்டு, மூன்று நாள் எனக்குப் பதிலாக நில் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். அய்யாத்துரை தண்டையார்பேட்டைக்காரர், மேஸ்திரியிடம் மூட்டை இறக்கும் தகரப் பில்லைக்காரர். பித்தளைப் பில்லை குத்திய முதல் நாள், மதியம் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு, மறைப்பு இல்லாத பெல்ட் ஒன்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது. நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது. மேலே கோணியைப் போர்த்திவிட்டு ஆட்கள் விலகி நின்றார்கள். இறந்தவர் யார் என்று அச்சுக்கூடத்தில் நாலு பேருக்குத் தெரியும். சொன்னால் சௌக்கத் அலியின் வேலை போகும். நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. நேரக் கணக்கர் ஓடிவந்தார். கோணியை விலக்கி முகம் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சட்டையில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தார். 212, சௌக்கத் அலி, மூன்று சங்கு என்று சீட்டு எழுதிப் பாய்லர் கூடத்துக்கு அனுப்பினார். அந்தக் கோழை நேரக் கணக்கன் வேறு யாருமல்ல, இந்த மடலை எழுதும் சுயம்புதான்.

சீட்டு வந்தது, சவரிநாதன் ஊதினார். மூன்று சங்கு, மூன்று வால். ஆலை நின்றது. பித்தளைப் பில்லைக்காரர் எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

அதே நேரம் நிக்காஹ் முடிந்து திருவொற்றியூர் ஸ்டேஷனில் இறங்கிய சௌக்கத் அலி, கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு டீக்கடையில் நின்று, யாருக்கு சங்கு என்று கேட்டார். நம் சௌக்கத் அலியாம், இப்போதுதான் ஆலையிலிருந்து சேதி வந்தது என்று கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டு, தலையைத் தூக்கிப் பார்த்தார், டீயைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார். சௌக்கத் அலிக்குச் சிரிப்பு வரவில்லை. செத்தது யாரென்று அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அப்படியே அடுத்த ரயிலில் ஏறி மீஞ்சூருக்குத் திரும்பியிருக்கலாம். பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஆலையை நோக்கி ஓடினார்.

வரிசையைப் பிளந்துகொண்டு வந்த அவரைப் பார்த்து இரண்டு பேர் அலறியே விட்டார்கள். அன்றைய மேலாளருக்கு விஷயம் விளங்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவர் முகம் தெளிந்தது. செத்தது ஆலையின் ஆள் இல்லை, அவ்வளவுதானே. சௌக்கத் அலியைத் தனியே அழைத்து, அய்யாத்துரை பில்லையைத் திருடிவிட்டான் என்று ஒரு வரி எழுதிக்கொடு, உன் வேலைக்கு ஒரு குறையும் வராது என்றார். தனியே என்றாலும், வரிசையில் நின்ற பாதிப் பேருக்குக் கேட்டது.

“பில்லய நான்தான் குட்த்தேன் சார். தங்கச்சி நிக்காஹ்வுக்குப் போறேன், நீ நின்னுகோன்னு நான்தான் சொன்னேன். அவன் திருடல” என்றார் சௌக்கத் அலி. அந்த இடத்திலேயே அவரை வேலையை விட்டு நீக்கினார்கள்.

யார் கொடுத்தால் என்ன, செத்தவன் தகரம்தானே, தவறுதலாக ஊதிய சங்கு அது என்றார் மேலாளர். உடலைக் கரிவாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அன்றாடச் சங்கை ஊதி வேலையைத் தொடங்கும்படி பாய்லர் கூடத்துக்கு ஆள் அனுப்பினார். போன ஆள் தனியாகத் திரும்பி வந்தார். மேலாளர் தாமே போனார், நாங்களும் பின்னால் போனோம்.

சவரிநாதன் சன்னலோரம் நின்றிருந்தார். வெளியே கரிவாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். அய்யாத்துரையின் மனைவி ஞானசெல்வி. யாரோ தெருவில் சேதி சொல்லியிருக்கிறார்கள். தகரப் பில்லைக்காரர் உடல் எந்த வழியாக வரும் என்பது தெரிந்ததால், முன்வாசலுக்குப் போகாமல் நேரே அங்கே வந்து நின்றிருக்கிறாள். கைவண்டியும் தயாராக வந்து நின்றது. ஏழு வருஷத்துக்கு முன் பார்த்த அதே சன்னல், அதே வாசல். சங்கை ஊதினால் உள்ளே எந்திரம் ஓடும், வண்டி வெளியே உருளும். ஊதாவிட்டால் இருபத்திரண்டு வருஷ வேலை போகும்.

“நான் நம்பருக்கு ஊதல சார். செத்துப்போன மன்சனுக்கு ஊதிகீறேன்” என்றார் சவரிநாதன். “அந்தாளு முன்னாடி கேட்டு வழியா போவட்டும். அப்பால நீங்க சொல்ற சங்க ஊதறேன்.”

குரலை உயர்த்தவில்லை. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இப்போதே வேலையை விட்டுப் போ என்றார் மேலாளர். வேலை முடிந்ததும் போகிறேன் என்றார் இவர். உதவியாள் இன்னாசியைப் பார்த்து நீ ஊது என்றார் மேலாளர். ஒன்பது வருஷமாக அந்தக் கூடத்தில் இருந்த இன்னாசி, கயிற்றை இன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்துவிட்டு, “எனுக்குப் பயக்கம் இல்ல சார்” என்றார்.

மேலாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டைக் கழற்றாமலேயே பெட்டிமீது ஏறித் தாமே கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஆவியைத் திறந்துவிட்டு இழுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, பொம்மைக் கடை ஊதல்போல. வால் இல்லை. எந்திரக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது நம் சங்கு இல்லையே என்று ஒருவர் சொன்னார். ஒரு பெல்ட்டும் நகரவில்லை. கட்டளை கட்டளைதானே!

அதன்பிறகு மணி போய்க்கொண்டே இருந்தது. வரிசை கலையவில்லை. அந்த வரிசையில் முதலில் பித்தளை மட்டுமே நின்றது. ஒரு மணி வாக்கில் தகரம் வந்து சேர்ந்தது. கரிக்கூடை தூக்கும் பெண்களும் வந்து கடைசியில் நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அச்சுக்கூடத்துக் கொப்பரையில் வேகவைத்த கடலைத்தூள் கருகத் தொடங்கி வாடை முற்றமெல்லாம் பரவியது. மேலாளர் மூன்றுமுறை மாடி ஆபீஸுக்கும் முற்றத்துக்கும் ஏறி இறங்கினார். மூன்றாம் முறை இறங்கியபோது, சரி, எந்த வழியாகவாவது கொண்டுபோய்த் தொலையுங்கள் என்றார். அவர் வாயிலிருந்து அன்று வந்த மிக நல்ல வார்த்தை அதுதான்.

சவரிநாதன் உடனே வரிசைக்கு வரவில்லை. கரிவாசலுக்கு நடந்தார். ஞானசெல்வி கைவண்டியின் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

“இங்க வேணாம்மா” என்றார். “முன்னாடி கேட்டுக்கு வாம்மா.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. முன்வாசலில் என்னை விடமாட்டார்களே என்றாள். அவர் முன்னால் நடந்தார், அவள் பின்னால் வந்தாள். அறுநூறு தலைகள் குனிந்து நிற்க, சௌக்கத் அலி ஒரு முனையும் இன்னாசி ஒரு முனையுமாகத் தூக்கிவர, அய்யாத்துரை என்கிற தகரப் பில்லைக்காரர் பித்தளைப் பில்லையோடு முன்வாசல் வழியாக வெளியே போனார். நாங்கள் அழுதோம். அழுதுகொண்டே ஜெயித்தோம் என்று நினைத்தோம், இரண்டும் உண்மைதான். அதன்பிறகு சவரிநாதன் பாய்லர் கூடத்துக்குப் போய், கொடுத்த வாக்குப்படி அன்றாடச் சங்கை ஊதினார். வால் எப்போதும்விடக் கொஞ்சம் நீளமாக இறங்கியது.

மறுநாள் காலை அவரை உள்ளே விடவில்லை. ஏழு மணிக்கு வேறு யாரோ சங்கு ஊதினார்கள், வெட்டினாற்போல் நின்றது. அறுநூறு பேரும் வாசலுக்கு வெளியே நின்றோம். எங்களுக்குச் சங்கு கேட்கவில்லை என்று சொன்னோம். அந்தச் சத்தம் காசிமேட்டில் வலை உலர்த்துபவர்களுக்கே கேட்டிருக்கும், எங்களுக்குக் கேட்கவில்லை. பத்து மணிக்குச் சவரிநாதனை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் சௌக்கத் அலி இல்லாமல் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று அரைமணி நேரம் நின்றார். பத்தரைக்கு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். பத்து நாற்பதுக்கு வால் இறங்கியது. எங்களுக்கும் காது திறந்தது.

அந்த வாரமே ஒரு புதுக் கட்டளை எழுதி ஒட்டினார்கள். மதில் சுவருக்குள் மாண்டவர் யாராக இருந்தாலும் மூன்று சங்கு, முன்வாசல். பில்லை கேட்கக் கூடாது. அதன்பிறகு நாலு தடவை சவரிநாதன் அந்தச் சங்கை ஊதினார். கரி சுமந்த அம்மாள் ஒருவர். பித்தளைப் பில்லை பிட்டர் ஒருவர். மூட்டை வண்டிக்காரர் ஒருவர். வெள்ளையடிக்க வந்து சாரத்திலிருந்து விழுந்தவர் ஒருவர், அவர் பெயரையே நாங்கள் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஒவ்வொரு முறையும் ஆலை முழுக்க நின்றது. கைவண்டியில் போன காலத்தில் யார் கண்ணிலும் படாத சாவு, எந்திரத்தை நிறுத்தியதும் மாடி வரைக்கும் கண்ணில் பட்டது. பெல்ட்டுக்கு மறைப்பு வந்தது. சாம்பல் குழிக்குக் கம்பி வேலி வந்தது. மூட்டை அடுக்குக்கு அளவு வந்தது. சாரத்துக்குப் புதுக் கயிறு வந்தது. இவற்றைக் கேட்டு நாங்கள் எழுதிய மனுக்கள் எத்தனையோ, அசையாத நிர்வாகத்தை அசைத்தது அந்தக் கயிறுதான்.

கடைசி மூன்று சங்கு 1952 பிப்ரவரியில். அதன்பிறகு ஐந்து வருஷம் ஏழு மாதமாக அது ஊதப்படவில்லை. கரிவாசல் வழியாக இப்போது கரி மட்டும்தான் போகிறது, வருகிறது.

சவரிநாதன் அவர்களே, கதை முடிந்தது, இனித் தங்களை நேரே பார்க்கிறோம். எழுந்துவிடாதீர்கள், கொஞ்சம்தான் பாக்கி.

இன்று தங்களுக்கு மரியாதையாக மூன்று நீளச் சங்கு ஊதலாம் என்று எங்களில் சிலர் யோசனை சொன்னோம். அது என்ன சங்கு தெரியுமா, எனக்கா ஊதுகிறீர்கள் என்று தாங்கள் முறைத்த முறைப்பில் அந்த யோசனை ஓடிவிட்டது. ஊதத் தெரிந்ததற்காக மட்டும் தங்களைப் பாராட்டவில்லை. ஊதாமல் நின்ற அந்த மூன்று மணி நேரத்துக்காகவும், ஊதத் தேவையில்லாமல் போன இந்த ஐந்து ஆண்டுகளுக்காகவும் பாராட்டுகிறோம். தங்களால் இன்று உயிரோடு வீட்டுக்குப் போகிறவர் யார் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்னை இருதயம்மாளோடும் மக்களோடும் பேரர்களோடும் தாங்கள் நோயின்றி, நொடியின்றி, நூறாண்டும் அதற்கு மேலும் நிறைந்து வாழ வேண்டும். இராயபுரத்தில் இனியும் தாங்கள் எந்தத் தெரு வழியாகவும் சுற்றாமல் நேராக நடக்க வேண்டும். சிலுவையம்மாளின் மகள் இன்று இங்கே வந்திருக்கிறார், தங்களை வீடுவரை அழைத்துப்போவது தம் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

ஐந்து மணி ஆகப்போகிறது. தாங்கள் போய் அன்றாடச் சங்கை ஊதுங்கள். வாலை மெல்ல விடுங்கள். அதன்பிறகு முன்வாசலில் நாங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்போம். இந்த ஒரு முறை, அந்த வரிசையின் நடுவே ஒருவர் தம் சொந்தக் காலில் நடந்து வெளியே போகட்டும்.

இங்ஙனம்,
தங்கள் சங்குக்குக் கட்டுப்பட்ட ஆலைத் தொழிலாளர் அனைவரும். பில்லை வரிசை பார்க்காமல், வந்து நின்ற வரிசைப்படி கையெழுத்திட்டிருக்கிறோம்.

சௌக்கத் அலி, அச்சுக்கூடம். வேலை திரும்பக் கிடைத்தபோது பழைய எண் வேண்டாம் என்று சொல்லி வேறு எண் வாங்கியவர்.

இன்னாசி, பாய்லர் கூடம். இப்போது பழக்கம் வந்துவிட்டது.

சுயம்பு, நேரக் கணக்கர். அன்று முதல் முகத்தைப் பார்த்துப் பெயர் எழுதுபவன்.

இவர்களுக்கெல்லாம் முன்னால், விடியற்காலையிலேயே வந்து வரிசையின் தலையில் நின்று, தாளின் உச்சியில் முதல் கையெழுத்தைப் போட்டவர்:

ஞானசெல்வி அய்யாத்துரை, கோணி தைக்கும் பகுதி, நிரந்தரம். பித்தளைப் பில்லை எண் 212.